பீல்டு போஸ்டிங் போகும் முன்: பிள்ளையின் கஸ்டடியை எழுத்தில் முடித்துவைப்பது எப்படி

குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியாத பீல்டு போஸ்டிங்கின் ஆர்டர் கைக்கு வந்ததும் வீட்டில் நூறு வேலை ஓடும். குவார்ட்டர்ஸ், வங்கி, லோன், பெற்றோரின் மருத்துவம் என எல்லாம் ஒவ்வொன்றாக முடியும். பிள்ளை யாரிடம் இருக்கும் என்பது மட்டும் பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். "நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்பதுதான் மொத்த ஒப்பந்தமும். இரண்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது பிள்ளைக்கு அங்கே ஒரு பள்ளி, நண்பர்கள், தினசரி வழக்கம் எல்லாம் உருவாகியிருக்கும். அப்போது தகராறு வந்தால், பிள்ளை இப்போது எங்கே நிம்மதியாக இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். போகும்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது அதற்குப் பிறகுதான். தற்காலிகம் என்று எழுதப்படாத ஏற்பாடு அப்படித்தான் நிரந்தரமாகிறது.

இந்தக் குறிப்பு இந்தியப் படைகளில் பணிபுரியும் பெற்றோருக்கும், அவர்களைப் பிரிந்து பிள்ளையை வளர்க்கும் துணைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. எழுத்தில் இருந்தால் பாதுகாப்பு இருவருக்கும் உண்டு.

உங்கள் நிலை எது

கணவன் மனைவி ஒற்றுமையாக இருந்து, ஒருவர் மட்டும் பீல்டுக்குப் போகிறார் என்றால் கஸ்டடி வழக்கு எதுவும் தேவையில்லை. சில கையெழுத்துகளும் சில காகிதங்களும் போதும். இந்து குடும்பங்களில் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6, இயற்கைக் காப்பாளர் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்று சொல்வதைக் காட்டி, வங்கியிலோ பள்ளியிலோ "அப்பா கையெழுத்து வேண்டும்" என்று இன்னமும் சிலர் கேட்பார்கள். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தாயும் பிள்ளையும் இருக்கும் இடத்தை விட்டுத் தந்தை தள்ளி வசிப்பதால் பிள்ளையைக் கவனிக்க முடியாத நிலையும் 'தந்தை இல்லாத' நிலைதான். அப்போது தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம். பீல்டில் இருப்பவரின் மனைவிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இல்லை. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன்பே இணைப்பு 'டி'யில் இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். ஒருவர் கையெழுத்து கிடைக்காதபோது இணைப்பு 'சி' இருக்கிறது, ஆனால் அதில் விளக்கம் கேட்பார்கள்.

பிரிந்து வாழ்கிறீர்கள், பிள்ளை துணையிடம் இருக்கிறது, உங்களுக்குச் சந்திப்பு உரிமை மட்டும் என்றால், 'மாதத்தில் இரண்டு சனிக்கிழமை' என்ற பழைய உத்தரவு பீல்டில் இருந்து நிறைவேற்ற முடியாத ஒன்று. அதை லீவு நாட்களுக்கு ஏற்ப மாற்ற மனு போட வேண்டும். மாற்றாமல் விட்டால், 'ஒரு வருடமாக வந்து பார்க்கவே இல்லை' என்று அதே உத்தரவை வைத்தே உங்களுக்கு எதிராக வாதாடுவார்கள்.

கஸ்டடி உங்களிடமே இருக்கிறது, நீங்களே கிளம்புகிறீர்கள் என்பதுதான் மிகச் சிக்கலான நிலை. இங்கே பலரும் பிள்ளையைத் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். துணை உயிரோடு இருந்து, பிள்ளையைக் கேட்டால், தாத்தா பாட்டியைவிட அவருக்கே முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். 5 வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு 6 சொல்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் ஹிசானத், அதாவது சிறு பிள்ளையைத் தாய் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, வரும். ஹனபி வழக்கப்படி ஆண் பிள்ளை 7 வயது வரை, பெண் பிள்ளை பருவமடையும் வரை தாயிடம். எந்த மதமானாலும் கடைசியில் எடைபோடப்படுவது பிள்ளையின் நலன்தான். மேலே சொன்ன 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13 அதை நேரடியாகவே சொல்கிறது. எனவே துணையைத் தாண்டிப் பெற்றோரிடம் விடுவதாக இருந்தால், துணையின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் நீங்கள் மலை உச்சியில் இருக்கும்போது உங்கள் அப்பா கோர்ட் வாசலில் நிற்பார்.

பவர் பத்திரம் கஸ்டடி ஆகாது

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. நூறு ரூபாய் பத்திரத்தில் 'என் மகனின் முழுப் பொறுப்பையும் என் தாயாரிடம் ஒப்படைக்கிறேன்' என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டால் பாட்டி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. பள்ளியில் சேர்க்க, மருத்துவமனையில் அட்மிஷன் போட, டி.சி. வாங்க அந்தப் பத்திரம் உதவும். மற்றொரு பெற்றோர் வந்து நின்றால் அவரைத் தடுக்க உதவாது. சட்டப்படி காப்பாளர் ஆக, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் வார்டு சட்டத்தின்படி நீதிமன்றம் நியமிக்க வேண்டும்.

ஆனாலும் அந்த அதிகாரக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதில் இவை இருக்கட்டும்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பொறுப்பேற்பவர் விவரம், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, பள்ளி, மருத்துவம், தடுப்பூசி, அவசர அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகிய அதிகாரங்கள் ஒவ்வொன்றாக, பிள்ளைக்கு உள்ள ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து. 'முழு அதிகாரம்' என்ற ஒற்றை வரியை மருத்துவமனை பில்லிங் கவுன்டர் மதிக்காது. பிள்ளையின் டிபென்டன்ட் கார்டு (படைவீரரைச் சார்ந்தவர் என்ற அடையாள அட்டை) உங்கள் பெட்டியில் இருந்தால் பயனில்லை, பிள்ளை இருக்கும் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதே தலைவலியாகும். பிள்ளையின் பிறப்பு பார்ட்-டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பணிப் பதிவில் ஏற்றும் யூனிட் ஆணை) ஏறியிருக்கிறதா என்றும் யூனிட் கிளார்க்கிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறாமல் கார்டோ கல்வி உதவித்தொகையோ கிடைக்காது.

எந்த நீதிமன்றம், என்ன மனு

பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்த மாவட்டமோ, அங்குள்ள குடும்பநல நீதிமன்றம். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். உங்கள் சொந்த ஊரோ யூனிட் இருக்கும் ஊரோ கணக்கில் வராது. இதில் ஒரு பொறி உண்டு. வேலூரில் இருந்த பிள்ளையைத் 'தற்காலிகமாக' திருநெல்வேலிக்கு அனுப்பி இரண்டு வருடம் ஆகிவிட்டால், 'வழக்கமாக வசிக்கும் இடம்' திருநெல்வேலி என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பிள்ளை எங்கே, எவ்வளவு காலம், எதற்காகத் தங்குகிறது என்பதை உத்தரவிலேயே எழுதிவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தால் அதே வழக்கில், இந்து திருமணச் சட்டம் பிரிவு 26இன் கீழ் இடைக்கால மனு போடலாம். தனி வழக்கு என்றால் ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது 1890 சட்டத்தின் கீழ் போடும் காப்பாளர் மனு. ஏற்கெனவே உத்தரவு இருந்தால் அதை மாற்றக் கோரும் மனு. 'தீர்ப்பு வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது' என்று நினைக்க வேண்டாம். மெட்ராஸில் இருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே உச்ச நீதிமன்றம் கஸ்டடி உத்தரவுகள் சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்று சொல்லிவிட்டது. பீல்டு போஸ்டிங் என்பது சூழ்நிலை மாற்றம்தான்.

துணை சம்மதித்தால் இருவரும் கையெழுத்திட்ட ஜாயிண்ட் மெமோ தாக்கல் செய்து, அதையே உத்தரவாக்கும்படி கேளுங்கள். இதுவே வேகமான வழி. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வீட்டு பீரோவில் மட்டும் வைத்திருந்தால் அதை மீறுபவர் மீது எதுவும் செய்வது கடினம். நீதிமன்ற உத்தரவானால், அதை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போடலாம். சம்மதம் இல்லை என்றால் போஸ்டிங் ஆர்டர் வந்த வாரமே மனுவைப் போட்டு இடைக்கால உத்தரவு கேளுங்கள். முழு வழக்கு நீங்கள் கிளம்புவதற்குள் முடியாது.

மனுவுடன் வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்று, பழைய உத்தரவின் சர்டிபைடு காப்பி, பள்ளியின் போனஃபைடு சான்று, இதுவரை செலுத்திய ஃபீஸ் ரசீதுகளும் வங்கி ஸ்டேட்மென்டும், பிள்ளையைக் கவனிக்கப் போகிறவரின் பிரமாணப் பத்திரம், யூனிட்டில் இருந்து ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில், குடும்பத்துடன் வசிக்க இயலாத பணி, ஏறத்தாழ எவ்வளவு காலம், ஆண்டுக்கு எத்தனை நாள் லீவு ஆகியவை மட்டும் இருந்தால் போதும். யூனிட் நிற்கும் இடத்தை எங்கும் எழுதக் கூடாது. மனுவில் முகவரியாக எண், ரேங்க், பெயர், யூனிட், 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்று போடுங்கள். கோர்ட் ஆவணம் பலர் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

உத்தரவில் இருக்க வேண்டிய வரிகள்

வக்கீல் வழக்கமான வார்ப்பில் இருந்து எடுத்துப் போடும் சந்திப்பு நிபந்தனைகள் சிவில் வேலையில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை. ராணுவ வாழ்க்கைக்கு அவற்றில் பாதி உடைந்துவிடும். கீழே உள்ளவற்றை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றி மெமோவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

*காரணமும் எல்லையும்.* "தந்தை ராணுவப் பணியின் காரணமாகப் பிள்ளையுடன் வசிக்க இயலாத காலத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு. இதனால் அவருடைய கஸ்டடி உரிமை கைவிடப்பட்டதாகக் கொள்ளக் கூடாது." இந்த இரண்டு வாக்கியமும் இல்லாத மெமோவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

*எப்போது முடியும்.* தேதி போட்டால் சிக்கல். பீல்டு பணிக்காலம் நீளலாம், குறையலாம். நிகழ்வை வைத்து எழுதுங்கள்: "குடும்பத்துடன் வசிக்கக்கூடிய நிலையத்துக்கு மாற்றலாகி, அதை எழுத்தில் தெரிவித்த 30 நாட்களில், அல்லது நடப்புக் கல்வியாண்டு முடியும்போது, இவற்றில் எது பிந்தியதோ அன்று, முந்தைய உத்தரவு மீண்டும் நடைமுறைக்கு வரும்." கல்வியாண்டைச் சேர்ப்பது பிள்ளைக்கு நல்லது. நீதிபதியும் அதைத்தான் விரும்புவார்.

*லீவில் சந்திப்பு.* ஜவான்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அதிகாரிகளுக்கு 60, 20. இதை எப்போது தருவார்கள் என்பது யூனிட் கையில். ஆகவே 'மே 1 முதல் 15 வரை' என்று எழுதாமல், 'லீவு சாங்ஷன் ஆன 3 நாட்களுக்குள் எஸ்.எம்.எஸ். அல்லது வாட்ஸ்அப்பில் தகவல். ஊர் வந்த மறுநாளில் இருந்து சந்திப்பு' என்று எழுதுங்கள். அளவும் எழுதுங்கள். உதாரணமாக, 30 நாள் லீவு பள்ளி நாட்களில் வந்தால் நான்கு வார இறுதிகளும் இரவுத் தங்கலோடு உங்களுடன், வார நாட்களில் மூன்று நாள் மாலை 5 முதல் 8 வரை. லீவு கோடை விடுமுறையில் விழுந்தால் தொடர்ச்சியாக 15 நாள். முழு லீவும் எனக்கே என்று கேட்காதீர்கள். பள்ளி, டியூஷன் தவறும், துணை எதிர்ப்பார், மெமோவே கலைந்துவிடும்.

*லீவு ரத்தானால்.* பாதியில் திரும்ப அழைக்கப்படுவது நடக்கும். "இழந்த நாட்கள் அடுத்த லீவில் சேர்க்கப்படும்" என்று ஒரு வரி. இது இல்லாவிட்டால் 'அவர்தான் வரவில்லை' என்பதே பதிவில் நிற்கும்.

*தொலைபேசி, வீடியோ.* யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திக்கும் உரிமை மட்டும் அல்லாமல் போனிலும் வீடியோவிலும் பேசித் தொடர்பில் இருக்கும் உரிமையும் பிள்ளையுடன் வசிக்காத பெற்றோருக்கு வேண்டும் என்று சொன்னது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் 'தினமும் இரவு 8 மணிக்கு' என்று கேட்பது தவறு. டவர் இருக்காது, டியூட்டி மாறும், சில இடங்களில் ஸ்மார்ட்போனே அனுமதி இல்லை. 'மாலை 6.30 முதல் 8.30க்குள் எப்போது வந்தாலும் எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், வாரம் குறைந்தது மூன்று அழைப்பு, தொடர்பு கிடைக்காத வாரங்களின் அழைப்புகள் பிறகு ஈடு செய்யப்படும்' என்பது நடைமுறைக்கு உகந்தது. எந்த ஆப் என்பதை உத்தரவில் பெயர் சொல்லிக் கட்ட வேண்டாம்; 2020 ஜூலையில் ராணுவம் 89 செயலிகளைப் போனில் இருந்து நீக்கச் சொன்னதுபோல் நாளை இன்னொரு பட்டியல் வரலாம். 'எங்கே இருக்கிறீர்கள், பின்னால் என்ன மலை' என்று பிள்ளை கேட்பது இயல்பு. பதில் சொல்லாமல் பேச்சை மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். அழைப்பைப் பதிவு செய்யக் கூடாது என்று இருதரப்புக்கும் நிபந்தனை போடுங்கள்.

*தாத்தா பாட்டி.* நீங்கள் இல்லாத மாதங்களில் உங்கள் பெற்றோர் மாதம் ஒரு நாள் பிள்ளையைப் பார்க்க அனுமதி. இதைக் கேட்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. பிள்ளைக்கு உங்கள் வீட்டு முகங்களும் பேச்சும் அறுந்துபோகாமல் இருக்க இதுதான் வழி. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் இந்தச் சந்திப்பு தொடரும் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதக் கஷ்டமான வரிதான், ஆனால் தவிர்க்கக் கூடாது.

*பள்ளியும் இடமாற்றமும்.* ரேங்க் கார்டு, பள்ளி ஆப் லாகின் இருவருக்கும். பள்ளி மாற்றவோ மாவட்டம் விட்டு வீடு மாற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு. அவசர சிகிச்சைக்குக் கூட இருப்பவர் கையெழுத்துப் போதும், 24 மணி நேரத்துக்குள் தகவல். அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு இருவர் சம்மதம்.

பிள்ளையை ஒப்படைக்கும் இடமாகக் காவல் நிலையத்தை எழுதாதீர்கள். உறவினர் வீடு, பள்ளி வாசல், கோவில் என பிள்ளை பயப்படாத ஓர் இடம் இருக்கும்.

நீங்கள் பீல்டில் இருக்கும்போது வழக்கு வந்தால்

இங்கேதான் படைவீரர்களுக்குச் சட்டம் நிறையக் கொடுத்திருக்கிறது, இங்கேதான் அதிகம் இழக்கவும் செய்கிறார்கள். சம்மன் கிராமத்து வீட்டுக்குப் போகும்; வீட்டில் வாங்காமல் திருப்புவார்கள், அல்லது வாங்கி 'மகன் அங்கே கஷ்டத்தில் இருக்கிறான், சொல்ல வேண்டாம்' என்று உங்களிடம் மறைப்பார்கள். சில வாய்தா தாண்டியதும் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் ஆஜராகாமலே உத்தரவு. வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்: கோர்ட் காகிதம் எது வந்தாலும் வாங்க வேண்டும், அன்றே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 5, விதி 28இன்படி படைவீரருக்கான சம்மன் அவருடைய கமாண்டிங் ஆபீசர் வழியாக அனுப்பப்பட வேண்டும். வழக்குப் போடும் மனைவிக்கும் இதில் நன்மை உண்டு. யூனிட் முகவரி தெரிந்தும் வீட்டு முகவரி மட்டும் கொடுத்து எக்ஸ்பார்ட்டி வாங்கினால், பின்னால் அது ரத்தாகி வழக்கு முதலில் இருந்து தொடங்கலாம்.

லீவு கிடைக்காதபோது அதே சட்டத்தின் ஆணை 28, விதி 1 உதவும். உங்களுக்குப் பதிலாக வழக்கு நடத்த அப்பா, அண்ணன் என யாரையும் நீங்கள் எழுத்தில் அதிகாரப்படுத்தலாம். கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர் மேலொப்பம் போட்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நோட்டரி பவர் அல்ல இது. யூனிட்டிலேயே முடியும் காரியம். ஏற்கெனவே வழக்கு நடந்தால், கிளம்பும் முன் அதன் எண்ணைக் குறிப்பிட்டு ஒன்று தயார் செய்துவிடுங்கள். இதன் எல்லையும் தெரிந்திருக்கட்டும்: உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்துக்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. உங்கள் சாட்சியத்தை வீடியோ மூலமோ லீவிலோ பதிவு செய்யத் தனியாக மனு வேண்டும்.

லீவில் வரும்போது ராணுவச் சட்டம் 1950, பிரிவு 32. வழக்கு நடத்துவதற்காக லீவு கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற சான்றை உரிய ராணுவ அதிகாரியிடம் வாங்கித் தாக்கல் செய்தால், அந்த லீவுக்குள் விசாரணையை முடிக்க நீதிமன்றம் இயன்றவரை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதிப் பதிவு செய்து நகல் தர வேண்டும். கட்டணம் கிடையாது. விமானப் படைச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இது பலருக்குப் பயன்படாமல் போவதற்குக் காரணம் சான்றின் வாசகம். சாதாரண லீவு சர்டிபிகேட்டில் 'ஆனுவல் லீவு' என்றுதான் இருக்கும். லீவின் முதல் நாள், கடைசி நாள், எந்த வழக்குக்காக என்பது மூன்றும் சான்றில் இருக்க வேண்டும். வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்து யூனிட்டில் கேளுங்கள். ஊருக்கு வந்து இறங்கிய பிறகு மனு போட்டால் லிஸ்டில் ஏறவே பத்து நாள் போகும்; லீவு தொடங்க இரண்டு வாரம் முன்பே சான்றை வக்கீலுக்கு அனுப்பி முன்கூட்டியே மனு போடச் சொல்லுங்கள்.

போர்ச் சூழலிலோ வெளிநாட்டிலோ, அரசு அறிவித்த பகுதிகளிலோ பணியில் இருக்கும்போது வழக்கில் உங்களுக்காக ஆஜராக யாருமே இல்லை என்றால் 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வரும். நீதிமன்றம் ராணுவ அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்பி, ஒத்திவைப்பு அவசியம் என்ற சான்று வந்தால் வழக்கை நிறுத்திவைக்கும். இதை மட்டும் நம்பி வக்கீல் வைக்காமல் இருக்க வேண்டாம். குறித்த காலத்துக்குள் சான்று வராவிட்டால் நீதிமன்றம் விசாரணையைத் தொடரலாம். தவிர, நிறுத்திவைக்கப்படும் மாதங்களிலும் பிள்ளை இருக்கும் இடத்தில்தான் இருக்கும். கஸ்டடி வழக்கில் தாமதம் யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அவருக்கே சாதகம்.

சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப். போன்றவை உள்துறையின் கீழ் தனிச் சட்டங்களால் இயங்குபவை. ராணுவச் சட்டம் பிரிவு 32ஐ அவர்கள் அப்படியே எடுத்துக் காட்ட முடியாது.

யூனிட்டால் என்ன முடியும்

"சி.ஓ.வுக்கு (கமாண்டிங் ஆபீசர்) மனு போட்டால் பிள்ளையை வாங்கிக் கொடுப்பார்" என்ற நம்பிக்கை இருதரப்பிலும் உண்டு. கஸ்டடியை முடிவு செய்யும் அதிகாரம் கமாண்டிங் ஆபீசருக்கு இல்லை. அவரால் முடிவது: இருவரையும் பேசவைப்பது, லீவு தருவது, சான்று தருவது, பராமரிப்புத் தொகைக்கான நடவடிக்கையைத் தொடங்குவது. ராணுவச் சட்டம் பிரிவு 90 அதிகாரிகளுக்கும், பிரிவு 91 மற்றவர்களுக்கும், மனைவி, பிள்ளை பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய இடம் தருகின்றன. படைவீரரின் சம்பளத்தைச் சிவில் நீதிமன்றம் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்பதால், பணம் வராமல் தவிக்கும் தாய்க்கு இந்த வழி முக்கியமானது. விண்ணப்பத்துடன் திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கோர்ட் உத்தரவு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை யூனிட்டுக்கும் படைவீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

பணம் கொடுப்பவர் ரொக்கமாகவோ மைத்துனர் கையிலோ கொடுக்கக் கூடாது. சம்பளம் ஏறிய மறுநாள் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிடுங்கள். பள்ளிக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக் கணக்குக்குச் செலுத்துங்கள். டவர் இல்லாத மாதத்திலும் பணம் போயிருக்கிறது என்ற பதிவு, பின்னால் எந்த வாதத்தைவிடவும் வலுவானது. கல்வி உதவித்தொகை கோர ஆண்டுதோறும் பள்ளிச் சான்று வேண்டும், அதைப் பிள்ளையை வைத்திருப்பவர்தான் வாங்கி அனுப்ப முடியும். இதையும் மெமோவில் ஒரு வரியாகப் போடலாம்.

மனைவிக்கும் பிள்ளைக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். படைவீரர் குடும்பங்களுக்கென்றே நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

தாய் படையில் இருந்தால்

சட்டம் அதேதான், பார்வைதான் வேறாக இருக்கிறது. தந்தை பீல்டுக்குப் போனால் கடமை, தாய் போனால் பிள்ளையை விட்டுவிட்டாள் என்று பேசும் வழக்கம் நீதிமன்ற வாதங்களுக்குள்ளும் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் ஆவணங்கள்தான்: எடுத்த லீவுகள், பேசிய அழைப்புகள், பள்ளிக் கூட்டங்கள், பிள்ளையைக் கவனிப்பவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பு. குழந்தைப் பராமரிப்பு லீவை முடிந்தவரை மாற்றக் காலத்துக்கென்று மிச்சம் வையுங்கள். 2023 நவம்பரில் இருந்து பெண் வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கு இணையாக இந்த லீவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மனைவியை இழந்த, அல்லது பிரிந்து தனியாகப் பிள்ளையை வளர்க்கும் ஆண் படையினருக்கும் 2019 முதல் இது உண்டு. கேட்காமலே இருக்கும் தகப்பன்கள் அதிகம்.

இருவருமே படையில் இருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் பீல்டில் விழும் காலத்துக்கான மூன்றாவது ஆளின் பெயரை இருவரும் சேர்ந்து முடிவு செய்து மெமோவில் எழுதுங்கள்.

உயிலும் எழுதிவிடுங்கள், இரண்டு சாட்சிகளுடன். இந்து பெற்றோர் உயில் மூலம் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கலாம். தந்தை நியமித்தாலும் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனம் செயல்படாது. தாய் வேறு யாரையும் நியமிக்காமல் இறந்தால்தான் அதற்கு உயிர் வரும். குழுக் காப்பீட்டிலும் வங்கியிலும் பிள்ளை பெயரை நாமினியாகப் போட்டிருந்தால், மைனர் சார்பில் பணம் பெறுபவர் யார் என்ற கட்டத்தையும் நிரப்புங்கள். விவாகரத்துக்குப் பிறகும் பழைய பெயரே கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

திரும்பி வந்த பிறகு

புதிய நிலையத்தில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்றே, உத்தரவில் சொன்னபடி எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். போனில் சொல்வது போதாது. பதிவுத் தபால், கூடவே வாட்ஸ்அப். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அந்தத் தாமதமே 'இப்போதைய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்' என்று படிக்கப்படும்.

பிள்ளையைத் தர மறுத்தால் லீவில் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்ற எண்ணம் வரும். வேண்டாம். உத்தரவு உங்கள் பக்கம் இருந்தாலும், பள்ளி வாசலில் இழுபறி நடந்ததைப் பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு உங்களோடு இயல்பாக இருக்காது; நீதிபதி பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்கும்போது அதைத்தான் சொல்லும். துணை மறுத்தால் நிறைவேற்று மனு. துணை இல்லாத நிலையில் தாத்தா பாட்டியோ மற்ற உறவினரோ சட்ட உரிமை இல்லாமல் பிள்ளையைத் தர மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். தேஜஸ்வினி கௌட் வழக்கில் 2019இல், தாயை இழந்த குழந்தையைத் தாய்வழி உறவினர்களிடம் இருந்து தந்தையிடம் ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் வழி செய்தது இந்த வகை மனுவில்தான்.

மாற்றத்தைப் படிப்படியாக வையுங்கள். 5 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இரண்டு வருடம் பார்க்காத பெற்றோர் கிட்டத்தட்ட அந்நியர். முதல் வாரம் பழகியவர் கூடவே இருக்கத் தினமும் இரண்டு மணி நேரம். இரண்டாவது வாரம் தனியாக ஒரு பகல். மூன்றாவது வாரம் ஓர் இரவு. அழாமல் தூங்கினால் அடுத்து வார இறுதி. பெரிய பிள்ளைக்குக் கூடுதல் கவலை பள்ளி மாறுவதுதான், எனவே புதிய பள்ளியின் அட்மிஷன் உறுதியான பிறகே தேதியைச் சொல்லுங்கள். இவ்வளவு நாள் வளர்த்தவரைப் பார்க்கவும் பேசவும் பிள்ளைக்கு எப்போது முடியும் என்பதையும் புதிய மெமோவில் நாள், நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.